டைமிங் செயின் கழற்றிய சரஸ்வதி பூஜை

ஓய்வு பெற்றவர்கள்தான் உத்தியோக அனுபவங்களை எழுதுவது வழக்கம். நரைத்த மீசையும் பென்ஷனும் இல்லாதவர்கள் எழுதக் கூடாது என்று சட்டம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தாலும் இருக்கலாம், யாரையாவது கேட்டுவிட்டு ஆரம்பித்திருக்கலாமோ என்று இப்போதே தோன்றுகிறது. எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. மீசைக்கு வழியில்லை. ஆனால் ஓய்வு பெற்றுவிட்டேன் என்பது உண்மை. யுத்தம் முடிந்து ஆண்கள் ஊர் திரும்பியதும், புதுக்கோட்டையில் நான் பார்த்துவந்த வேலைக்கு ஓர் ஆண் கிடைத்துவிட்டார். எனக்கு ஒரு மாலை போட்டார்கள். பித்தளைக் கூஜா ஒன்று கொடுத்தார்கள். இனிமேல் நிம்மதியாக வீட்டைப் பார்த்துக்கொள்ளும்படி வாழ்த்தி அனுப்பினார்கள்.

என் இடத்துக்கு வந்திருப்பவர் திருவரங்குளத்துக்காரர், மெட்ரிகுலேஷன் தேறியவர். போன வாரம் வீட்டுக்கு வந்து, டைமிங் செயின் கழற்றிய சமாசாரத்தை மானேஜர் ஒரு விதமாகவும் மேஸ்திரி வேறு விதமாகவும் சொல்கிறார்கள், உண்மையில் நடந்தது என்ன என்று கேட்டார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். பத்திரிகையில் வந்தால் மானேஜர் பார்த்துவிடுவாரே என்று முதலில் பயந்தேன். பிறகு தைரியம் வந்தது. மானேஜர் எதையும் படிப்பதில்லை. படிக்கச் சொல்லிக் கேட்பார். இதை அவருக்குப் படித்துக் காட்டப்போகிறவர் எவரோ, அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

எனக்குக் கிடைத்த பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் மெட்ரிகுலேஷன் வரை படித்தேன். அதற்குள் கல்யாணம். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே கணவர் பட்டாளத்துக்குப் போனார். கடிதம் எப்போதாவது வரும். அதிலும் பாதியைத் தணிக்கைக்காரர்கள் கறுப்பு மையால் அடித்திருப்பார்கள். மாமனாரும் நானும் குழந்தையும் டவுனில் சின்ன வீட்டில் இருந்தோம். ஊரில் இருந்த ஒரு மோட்டார் ஷெட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் எல்லாரும் யுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த ஷெட்டின் மானேஜர் மாமனாருக்குத் தெரிந்தவர். ஒரு நாள் வந்து, மருமகளுக்கு இங்கிலீஷ் வாசிக்க வருமா என்று கேட்டார். வரும் என்று மாமனார் சொன்னார். இதுதான் என் பயிற்சி.

மானேஜரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேஷ்டிக்கு மேல் கோட்டுப் போடுவார். நெற்றி நிறைய விபூதி. ஒரு தடவை சென்னைப் பட்டணத்துக்குப் போனபோது அங்கே ஒரு பெரிய மோட்டார் பட்டறையில் வெள்ளைக்காரர் ஒருவர் கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு வேலை வாங்குவதைப் பார்த்துவிட்டார். அன்றைக்கு அவருக்கு ஞானம் பிறந்தது. வெள்ளைக்காரன் உலகத்தை ஆளுகிற ரகசியம் பீரங்கியில் இல்லை, ஒரு நட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அதைப் பற்றி வாசிப்பதில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டினார். ஊர் திரும்பியதும் மோட்டார் ரிப்பேர் புத்தகம் ஒன்றைத் தருவித்தார். காலிக்கோ அட்டை போட்ட, தலையணை கனமுள்ள புத்தகம். அதில் ஓர் எழுத்தும் அவருக்குத் தெரியாது. அதனால் அதன் மேல் அவருக்கு இருந்த மரியாதைக்கு ஒரு குறைவும் ஏற்படவில்லை.

வாசிப்பதற்கு அவர் ஏற்படுத்திய முறை இது. முதலில் இங்கிலீஷில் முழு வாக்கியத்தையும் நான் வாசிக்க வேண்டும். பிறகு தமிழில் சொல்ல வேண்டும். தமிழில் மட்டும் சொன்னால் போதாதா என்று நான் சேர்ந்த புதிதில் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று அன்று முழுவதும் கவலையாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. எஞ்சின் சீமையில் பிறந்தது, அதற்கு இங்கிலீஷ்; மேஸ்திரி இலுப்பூரில் பிறந்தவர், அவருக்குத் தமிழ் என்று பொறுமையாக விளக்கினார். வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தவும் கூடாது. ஆரம்பித்த வாக்கியம் முடியாமல் நின்றால் வண்டிக்கு ஆகாது. சில இங்கிலீஷ் வாக்கியங்கள் அரைப் பக்கம் ஓடும். அதுவரைக்கும் மேஸ்திரி ஸ்பானரைக் கையில் பிடித்தபடி நிற்க வேண்டும். வாசித்து முடித்ததும் மானேஜர் கண்ணைத் திறந்து "நெக்ஸ்ட்" என்பார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் அது ஒன்றுதான். அதைக் கச்சிதமாக உச்சரிப்பார்.

பெண்பிள்ளை மோட்டார் ஷெட்டில் உட்கார்ந்திருப்பதை நாலு பேர் பார்க்கக் கூடாது என்பதற்காக ஒரு மூங்கில் தட்டி கட்டி, அதன் மேல் சாக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். தட்டிக்குப் பின்னால் நானும், தூளியில் என் மகள் பவானியும். நான் வாசிக்க, தட்டிக்கு அந்தப் பக்கம் வேலை நடக்கும். கார்புரேட்டர், கிளட்ச், பேரிங் என்று எத்தனையோ உறுப்புகளைக் கழற்றவும் பூட்டவும் நான் உத்தரவு கொடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

மேஸ்திரியின் பெயர் சின்னையா. வெற்றிலை போடாத நேரத்தில் அவரை யாரும் பார்த்ததில்லை. புத்தகத்தின் மேல் அவருக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. தன் கையின் மேல் இருந்த நம்பிக்கைக்கோ எல்லை கிடையாது. மூடியைக் கழற்றுமுன் எண்ணெயை வடித்துவிடவும் என்று நான் இங்கிலீஷில் வாசித்து முடிப்பதற்குள் மூடி கழன்றிருக்கும். எண்ணெய் தட்டிக்கு அடியில் ஓடிவந்து என் காலை நனைக்கும். பிறகு தமிழில் சொல்வேன். "ஆச்சுங்க ரீடரம்மா" என்பார். மானேஜர் திருப்தியாக "நெக்ஸ்ட்" என்பார். இப்படி மூவரும் ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடாமல் வெகு ஒற்றுமையாக இருந்தோம்.

அந்த வருஷம் நவராத்திரிக்கு முந்தி அறந்தாங்கி அரிசி மில் முதலாளி ஒருவருடைய கார் ஷெட்டுக்கு வந்தது. எஞ்சினின் முன்பக்கத்தில் கடகடவென்று, கல்லை டப்பாவில் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். டைமிங் செயின் தொய்ந்துவிட்டது என்று மேஸ்திரி காதால் கேட்டே சொல்லிவிட்டார். புதுச் செயின் கிடைப்பது அந்தக் காலத்தில் பெரும்பாடு. எப்படியோ சென்னையிலிருந்து வந்து சேர்ந்தது. விஜயதசமி காலையில் புதுக் காரியம் ஒன்றைத் தொடங்க அந்தக் காரில்தான் போக வேண்டும், தானே வந்து எடுத்துக்கொள்வதாக மில் முதலாளி சொல்லியனுப்பினார். அவருடைய லாரிகள் எல்லாம் எங்கள் ஷெட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தன.

மானேஜர் என்னைக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார். கார் அன்று காலை கிளம்பாவிட்டால் ஒருவர் வேலையை விட வேண்டியிருக்கும். மேஸ்திரியைப் போகச் சொல்ல முடியாது. யுத்த காலத்தில் வேறு மேஸ்திரி கிடைக்கமாட்டார். தன்னைத் தானே போகச் சொல்லிக்கொள்ள முடியாது. மிச்சம் யார் என்று நானே யோசித்துப் பார்க்கலாம் என்றார். யோசித்துப் பார்த்தேன்.

வேலை போனால் டவுன் வீட்டை வைத்துக்கொள்ள வழியில்லை. மணமேல்குடிப் பக்கத்தில் இருக்கும், கணவரின் அண்ணனான மூத்தார் வீட்டுக்குப் போய், அங்கே இருக்கும் பெரிய கூட்டத்துக்குச் சமைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். சமையலுக்குக்கூட நான் பயப்படவில்லை. பவானிக்கு இரண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அவளுக்குக் காது கேட்கிறதா என்று வாரா வாரம் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கிறது என்று நான் நினைப்பேன். ஒருவேளை கேட்கவில்லையோ என்றும் நினைப்பேன். மூத்தார் வீட்டில் டாக்டரும் இல்லை, அப்படி ஒருவர் வேண்டும் என்று நினைக்கிறவர்களும் இல்லை. பேசாத பெண்குழந்தை இருந்தால் வீட்டில் சத்தம் குறையும் என்று மூத்தார் ஒரு தடவை சொன்னது எனக்கு மறக்கவில்லை.

பூஜைக்கு முதல் நாள் செயினைக் கழற்றினோம். ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, ரேடியேட்டரையே கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். பிறகு விசிறிப் பட்டை. பிறகு ஹேண்டில் கோத்துச் சுற்றுகிற பெரிய நட். கடைசியில் முன்பக்கத் தகட்டு மூடி. உள்ளே இரண்டு பல்சக்கரங்கள், கீழே சின்னது, மேலே பெரியது. இரண்டையும் சுற்றி சைக்கிள் செயின் போல, ஆனால் இரட்டை வரிசையாக ஒரு செயின். கீழ்ச் சக்கரம் பிஸ்டன்களோடு சுற்றுவது. மேல் சக்கரம் வால்வுகளைத் திறந்து மூடுவது. இரண்டும் ஒன்றுக்கொன்று சொல்லிவைத்தாற்போல் சுற்ற வேண்டும். ஒரு பல் தப்பினாலும் வண்டி இருமும், பல பல் தப்பினால் நகராது. இதற்காகச் சக்கரங்களில் அடையாளக் குறி இருக்கும், அவை நேருக்கு நேர் வந்த பிறகே செயினைக் கழற்றவும் என்று வாசித்தேன்.

அந்தக் காரில் குறி இல்லை. எப்போதோ யாரோ வேறு சக்கரங்களை மாற்றியிருக்கிறார்கள். குறி இல்லாத சக்கரங்களுக்கு என்ன செய்வது என்று அடுத்த பக்கத்தில் போட்டிருந்தது. அதை வாசிக்க வாயைத் திறந்தேன். வெள்ளைக்காரன் போடாவிட்டால் என்ன, சின்னையா போடுகிறேன் என்று மேஸ்திரி வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, விரலில் சுண்ணாம்பை எடுத்து இரண்டு சக்கரத்திலும் ஒரு பொட்டு வைத்தார். இணைப்புக் கண்ணியைக் கழற்றிப் பழைய செயினை உருவினார். கொண்டையிலிருந்து பூச்சரத்தை உருவுகிற மாதிரி சரசரவென்று வந்தது என்று பிறகு அவரே சொன்னார். புதுச் செயினை எடுப்பதற்குள் மானேஜர், பூஜைக்கு ஷெட்டைக் கழுவ வேண்டும், வேலையை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டார். அரை மணி கொடுங்கள் என்று மேஸ்திரி கேட்டார். சரஸ்வதியையும் மில் முதலாளியையும் ஒன்றாக நினைக்காதீர்கள் என்று பதில் வந்தது.

கழுவினார்கள். மானேஜர் கழுவச் சொன்னால் ஒன்றையும் விடமாட்டார்கள். ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி, பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் கரிவாயுவில் ஓடிய பஸ்களின் கரி அடுப்பு, எல்லாம் பளபளத்தன. திறந்து கிடந்த இரண்டு பல்சக்கரங்களையும் மண்ணெண்ணெயால் துடைத்து, விபூதிக் கீற்று இழுத்து, சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார்கள். மேஸ்திரியின் சுண்ணாம்பு போன இடம் தெரியவில்லை. ஆனால் அந்தச் சக்கரங்கள் அம்மன் முகம் போல இருந்தன என்று எல்லாரும் சொன்னார்கள்.

மறுநாள் சரஸ்வதி பூஜை. ஷெட்டில் இருந்த ஒரே புத்தகத்தைச் சிவப்புப் பட்டுத்துணியில் சுற்றி, சாமி படத்துக்கு முன்னால் மணையில் வைத்து, மேலே செவ்வந்திப்பூ மாலை சாற்றினார் மானேஜர். அன்றைக்குப் புத்தகத்தைப் படிக்கக் கூடாது. மறுநாள் காலை பூஜைக்குப் பிறகுதான் பிரிக்க வேண்டும். இது நம் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். கற்பூரம் காட்டியானதும், வண்டிகள் ஒவ்வொன்றாக எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்கின. மில் முதலாளியின் கார் மட்டும் மூக்கு அறுந்தது போல நின்றது. அதை விட்டுவிடலாம் என்றார் மேஸ்திரி.

"ஏன், அந்த வண்டிக்கு மட்டும் கண்ணு படாதா? தள்ளுங்கப்பா" என்றார் மானேஜர்.

அந்தக் காரில் கை பிரேக் கம்பி அறுந்துபோயிருந்தது. அதனால் மேஸ்திரி அதைக் கியரிலேயே போட்டு நிறுத்தியிருந்தார். தள்ளினார்கள்; முரண்டு பிடித்தது. கூட ஆட்கள் வந்து தோள் கொடுத்தார்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வைத்திருந்ததால் எஞ்சின் கடைசியில் இணங்கியது. வண்டி நகர்ந்தது, எலுமிச்சம்பழம் நசுங்கியது. செயின் இல்லாமல் திறந்து கிடந்த கீழ்ச் சக்கரம், குங்குமப் பொட்டோடு, எல்லார் கண் முன்னாலும் தன்பாட்டுக்குச் சுற்றியது. மேல் சக்கரம் அசையவில்லை. சக்கரம் தானாகச் சுற்றுகிறது என்று யாரோ பரவசப்பட, மானேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டு அதற்கு இன்னொரு தடவை கற்பூரம் காட்டினார். தட்டி இடுக்கு வழியாக நான் மேஸ்திரியைப் பார்த்தேன். வெற்றிலை மெல்லுவது நின்றுபோயிருந்தது.

மானேஜர் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். வடை பாயசத்தோடு சாப்பிட்டால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். மற்ற ஆட்களும் பொரி கடலைப் பொட்டலத்தோடு கலைந்தார்கள். பவானியைத் தூக்கிக்கொண்டு நானும் கிளம்பும்போது தட்டிக்கு அந்தப் பக்கம் மேஸ்திரியின் குரல் கேட்டது.

"ரீடரம்மா, செத்த இருங்க. நேத்து ஏதோ வாசிக்க வந்தீங்களே, குறி இல்லாத சக்கரத்துக்கு. அது என்ன?"

"வாசிக்க விட்டீங்களா அண்ணே? எனக்கு முழுசா ஞாபகம் இல்லையே."

"புத்தகம்?"

"சாமிகிட்ட இருக்கு."

வெற்றிலைப் பெட்டியை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நான் ஒளிச்சுப் பேசத் தெரியாதவன்ம்மா. காலையில வண்டி கெளம்பலைன்னா என்னையத் திட்டுவாக. ஒங்களத்தான் அனுப்புவாக" என்றார்.

அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் இன்னொருவர் வாயால் கேட்டபோது பவானியை இடுப்பில் இன்னும் இறுக்கி வைத்துக்கொண்டேன். சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைத் தொட்டுப் படித்தால் படிப்பு வராது, வாக்கு வராது என்பார்கள். எனக்குப் படிப்பு வந்து முடிந்துவிட்டது. இடுப்பில் இருக்கிறவளுக்கு வாக்கே இன்னும் வரவில்லை. படித்தால் தெய்வக் குற்றம். அவளுக்குப் பேச்சு வராமல் போகலாம். படிக்காவிட்டால் வேலை போய், டாக்டரம்மா போய், அப்போதும் பேச்சு வராமல் போகலாம். (பேச்சு அடுத்த வருஷம் வந்தது. இப்போது அதை நிறுத்துவதற்குத்தான் வழி தெரியவில்லை. ஆனால் அன்று எனக்கு அது தெரியாதே.)

கடைசியில் ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். படிக்கத்தானே கூடாது; படம் பார்க்கலாம். அந்தப் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. முதல் தடவையாகத் தட்டிக்கு அந்தப் பக்கம் போய், மாலையை எடுத்துப் பக்கத்தில் வைத்து, பட்டைப் பிரித்து, படத்தை மட்டும் பார்த்தேன். படத்தைச் சுற்றிலும் எழுத்து இருந்தது. எழுத்துத் தெரிந்தவளுக்குப் பார்ப்பது எங்கே முடிகிறது, படிப்பது எங்கே தொடங்குகிறது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. புத்தகத்தை மூடி, பட்டைச் சுற்றி, மாலையைச் சாற்றினேன். கோணலாக இருக்கிறதோ என்று மறுபடி எடுத்துச் சாற்றினேன். பிறகு, திறந்து கிடந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் போனேன்.

முறை இதுதான். முதல் பிஸ்டன் ஏறி, உச்சியில் நிற்க வேண்டும். பிளக் இருந்த ஓட்டை வழியாக ஒரு கம்பியை விட்டால் பிஸ்டனோடு கம்பியும் ஏறி இறங்கும். அதை வைத்து உச்சியைக் கண்டுபிடிக்கலாம். பிறகு பக்கத்துத் தகட்டைக் கழற்றி வால்வுகளைப் பார்த்து, மேல் சக்கரத்தைக் கையால் திருப்ப வேண்டும். முதல் பிஸ்டனுக்குரிய இரண்டு வால்வுகளில் புகை போகிற வால்வு அப்போதுதான் மூடி, காற்று வருகிற வால்வு அப்போதுதான் திறக்கத் தொடங்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே நிறுத்தி, இரண்டு சக்கரமும் அசையாமல் செயினைப் பூட்ட வேண்டும்.

கியரை நியூட்ரலுக்கு மாற்றி, கழற்றிய பெரிய நட்டைத் திரும்ப மாட்டி ஹேண்டிலைக் கோத்தாயிற்று. மேஸ்திரிக்கு ஒரு கை ஹேண்டிலில், கண் வால்வில். கம்பியைப் பிடிக்க ஆளில்லை. ஒரு பழைய சைக்கிள் போக்ஸ் கம்பியை எடுத்து என்னிடம் கொடுத்தார். இடுப்பில் பவானி, இன்னொரு கையில் கம்பி. அவர் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினார். கம்பி என் விரலுக்குள் மேலே ஏறிற்று.

"நின்னுருச்சா?"

"நின்ன மாதிரி இருக்குண்ணே."

"மாதிரி எல்லாம் வேணாம். நின்னுச்சா, நிக்கலையா?"

எனக்கு எதிலும் நிச்சயம் வந்ததில்லை; அந்தக் கம்பியிலா வரப்போகிறது? உச்சிக்கு வந்ததும் கம்பி ஏறுவதை நிறுத்திவிடுகிறது. ஆனால் உடனே இறங்குவதில்லை. நடுவில் கொஞ்ச தூரம் சும்மா இருக்கிறது. அந்தச் சும்மாவில் எது உச்சி? மறுபடி சுற்றச் சொன்னேன். சுற்றினார். இன்னொரு தடவை கேட்டேன். முனகிக்கொண்டே சுற்றினார். ஏறுவது நிற்கிற இடத்தில் கீழ்ச் சக்கரத்துக்கு எதிரே ஒரு சுண்ணாம்புக் கோடு, இறங்கத் தொடங்குகிற இடத்தில் ஒரு கோடு, இரண்டுக்கும் நடுவில் நிறுத்தினால் என்ன என்று கேட்டேன். இது என் சொந்த யோசனையா, படத்தைப் 'பார்த்தபோது' கண்ணில் பட்டதா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க உப்புப் பார்த்து முடிக்கிற வரைக்கும் ஒங்க வீட்டுக்காரர் எப்படிம்மா சாப்புடாம இருந்தாரு?" என்றபடி கோடு போட்டார்.

செயினைப் பூட்டியதும் ஹேண்டிலை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, வால்வுகள் சொன்ன இடத்தில் வருகின்றனவா என்று பார்த்தோம். வந்தன. எனக்காக இன்னொரு தடவை பார்த்தோம். அப்போதும் வந்தன. மூன்றாவது தடவை பார்க்கலாமா என்றபோது, பெரிய கும்பிடாகப் போட்டு என்னைத் தட்டிக்குப் பின்னால் அனுப்பிவிட்டு, மீதியை அவரே பூட்டினார்.

விஜயதசமி காலையில் மில் முதலாளி வந்தார். கார் ஒரே சுற்றில் கிளம்பியது. கடகடச் சத்தம் இல்லை. தையல் மிஷின் மாதிரி ஓடியது. அவர் மனம் குளிர்ந்து, லாரி ஒன்றையும் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். காரியம் இத்தோடு நல்லபடியாக முடிந்திருக்கும். மேஸ்திரியால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. குறியும் அழிந்து சக்கரமும் சுற்றிப்போன எஞ்சினை எப்படிப் பூட்டினேன் தெரியுமா என்று மானேஜரிடமே ஆரம்பித்துவிட்டார்.

"புத்தகம் இல்லாமயா?" என்றார் மானேஜர்.

"புத்தகம் எதுக்குங்க? எல்லாம் இங்கிட்டு இருக்கு" என்று தலையைத் தட்டிக் காட்டினார்.

மானேஜர் மெதுவாக யோசிக்கிறவர். யோசித்து முடித்ததும் தட்டிப் பக்கம் திரும்பினார். "ஏம்மா, புத்தகமே இல்லாம மேஸ்திரி செய்யிறாருன்னா, அதைப் படிக்கிறதுக்கு ஒரு ஆளு எதுக்கு?"

கார் கிளம்பாவிட்டால் வேலை போகும் என்று பயந்திருந்தேன். கிளம்பியும் போகும் என்று நான் நினைக்கவே இல்லை. எல்லாவற்றையும் நினைத்துப் பயப்படுகிற எனக்கே அது தோன்றவில்லை. சாக்கை விலக்கிப் பார்த்தேன். மேஸ்திரியின் முகம் வெளுத்திருந்தது.

"அப்படி இல்லைங்க. ரீடரம்மா சொல்லித்தான் செஞ்சேன்" என்றார்.

மானேஜரின் குரல் தாழ்ந்தது. "நேத்தைக்கா? புத்தகம் சாமிகிட்டல்ல இருந்துச்சு. பிரிச்சீங்களா?"

பிரித்தேன் என்றால் அப்போதே போக வேண்டியதுதான். பிரிக்கவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"பிரிக்கலைங்க. அவுகளுக்கு மனப்பாடம்" என்றார் மேஸ்திரி.

"இந்தப் பக்கமா?"

"முழுசும்ங்க. அட்டையிலேருந்து அட்டை வரைக்கும்."

ஒரு பக்கம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் மேஸ்திரி எதையும் அளவாகச் சொல்லிப் பழகியவர் இல்லை. மானேஜர் செருப்பைக் கழற்றிவிட்டு, கை கட்டி, கண்ணை மூடிக்கொண்டு, "எங்கே, கொஞ்சம் சொல்லும்மா" என்றார்.

டைமிங் செயின் பகுதியை ஆரம்பித்தேன். முதல் நாள் பயத்தோடு பார்த்ததால் நாலைந்து வாக்கியம் நன்றாகவே வந்தது. பிறகு நின்றுபோயிற்று. வாக்கியம் பாதியில் நிற்கக் கூடாதே என்ற கவலையில், வாய்க்கு வந்ததைத் தொடர்ந்தேன். வந்தது என்னவென்றால், காரின் தோல் ஆசனங்களைத் துடைத்துப் பாதுகாக்கும் முறை. அதிலும் கொஞ்சம் தடம் மாறி, பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டு எழுதப் பழகிய இங்கிலீஷ் விண்ணப்பத்தின் கடைசி வரியில் வந்து முடித்தேன். மேஸ்திரி ஒவ்வொரு வார்த்தையும் சரி என்பது போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். மானேஜர் கண்ணைத் திறந்தபோது அது கலங்கியிருந்தது. "நெக்ஸ்ட்" என்று சொல்லக்கூட அவருக்குக் குரல் வரவில்லை.

என் வேலை நிலைத்தது. போனது புத்தகம்தான். வாணியே ஒருத்தி நாக்கில் வந்து உட்கார்ந்த பிறகு, அந்தப் புத்தகத்தை எண்ணெய்க் கையால் புரட்டுவது பாவம் என்று மானேஜர் அதைக் கண்ணாடி பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் அதற்குப் பூ வைப்பார். தட்டிக்குப் பின்னால் நான் வெறுங்கையோடு உட்கார்ந்தேன். ஞாபகம் இருந்ததைச் சொன்னேன். ஞாபகம் இல்லாததை மேஸ்திரி தட்டி ஓரமாக வந்து கிசுகிசுப்பார். அதை நான் உரக்கச் சொல்வேன். இரண்டும் இல்லாதபோது நானே யோசித்து, சரியாக இருக்குமா என்று பயந்து, இன்னொரு தடவை யோசித்துச் சொல்வேன். யுத்தம் முடிகிறவரை அந்த ஷெட்டில் புத்தகம் என்பது நான்தான்.

அடுத்த ஆயுத பூஜைக்கு முன்னால், மேஸ்திரியோடு கலந்துகொண்டு ஒரு விதியைச் சேர்த்தேன். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவதற்கு முன் வண்டியை நியூட்ரலில் போட வேண்டும். எஞ்சின் திறந்து கிடந்தால் ஏற்றவே கூடாது. மானேஜர் முதலில் இங்கிலீஷில் சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு தமிழில் சொன்னேன். அன்றைக்குப் பூஜை பார்க்க அறந்தாங்கியிலிருந்து மில் முதலாளியும் வந்திருந்தார். மானேஜர் அவரைக் கண்ணாடி பீரோவுக்கு முன்னால் அழைத்துக்கொண்டுபோய் நிறுத்தினார்.

"எலுமிச்சம்பழத்தைப் பத்திக்கூட எவ்வளவு தெரிஞ்சு எழுதியிருக்கான் பாருங்க, வெள்ளைக்காரன்" என்றார்.